புயலில் வீடு போனால் வெளிநாட்டு அரசு கூரை போட்டுத் தருமா?

தொண்டிப் பக்கத்து மீனவர் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். துபாயில் இருக்கும் அவருடைய அண்ணன், "புயலில் வீடு போனவர்களுக்கு வெளிநாட்டு அரசுகள் பணம் தரும், கத்ரீனா புயலின்போது அமெரிக்காவே கைநீட்டி வாங்கியது, நம்ம ஊர்க் கமிட்டி ஏதாவது ஒரு தூதரகத்துக்கு எழுதிப் பார்க்கலாமே" என்கிறாராம். ஊரில் சிலரோ, வந்தாலும் நம் அரசாங்கம் விடாது என்கிறார்களாம். எழுதினால் வருமா, தடுப்பது உண்மையா என்பது கேள்வி. தூதரக முகவரி கேட்பது போலத் தெரிந்தாலும் இதற்குள் இருப்பது வேறு கவலை என்று எனக்குப் படுகிறது. வரும் ஐப்பசி, கார்த்திகையில் கூரை பறந்தால் பிள்ளைகுட்டிகளோடு எங்கே ஒதுங்குவது, மறுபடி வீடு எழும்ப யார் பணம் தருவார்கள், எத்தனை காலம் ஆகும்? இதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் கட்டடப் பொறியாளன். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கடற்கரையில் மறுகுடியமர்வு வீடுகள் கட்டிய வேலையில் தொடங்கி, பேரிடர்க் காலத் தங்குமிடங்கள்தான் என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி. மனை, வீடு, சேதக் கணக்கெடுப்பு பற்றி நான் சொல்வது பழகித் தெரிந்தது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைப் பற்றிச் சொல்வதை மட்டும் ஒரு நல்ல ஆடிட்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நான் சட்டம் படித்தவனல்ல.

முதலில் சந்தேகமில்லாதது. இந்தியா வெளிநாட்டு அரசுகளிடம் பேரிடர் உதவி கேட்பதில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. உதவி கோரி நாம் வேண்டுகோள் விடுப்பதில்லை, ஆனால் இன்னொரு நாட்டு அரசு தானாக முன்வந்து நல்லெண்ணத்தோடு கொடுத்தால் மத்திய அரசு ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது அந்த வாசகம். முடிவெடுப்பது டெல்லி. மாநில அரசே நேரடியாகப் பேசி வாங்க முடியாதபோது, ஒரு ஊர்க் கமிட்டியின் கடிதத்தை எந்தத் தூதரகமும் மரியாதையாக வாங்கி வைப்பதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1999 ஒடிசா பெரும்புயலிலும் 2001 குஜராத் பூகம்பத்திலும் வெளிநாட்டு அரசுகளின் உதவியை வாங்கிக்கொண்டோம். 2004 டிசம்பர் சுனாமிதான் திருப்பம். நம்மால் சமாளிக்க முடியும் என்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அறிவித்தார், அதே நாட்களில் நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் உதவி கொண்டுபோயின. 2018 கேரள வெள்ளத்திலும் அதே நிலைதான். ஐக்கிய அரபு அமீரகம் 700 கோடி ரூபாய் தருவதாகப் பெரிதாகப் பேசப்பட்டது, உங்கள் அண்ணன் காதிலும் அது விழுந்திருக்கும். டெல்லி வேண்டாம் என்றது உண்மை. ஆனால் அந்த 700 கோடி உறுதியான தொகைதானா என்றால், எந்தத் தொகையும் அதிகாரபூர்வமாக முடிவாகவில்லை என்று அமீரகத்தின் தூதரே பிறகு சொன்னார். அதனால் "வந்த பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்று ஊரில் பேசுவதை அப்படியே நம்ப வேண்டாம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கருவிகளைப் பல நாடுகளிடமிருந்து ஏற்றுக்கொண்டோம், ஆகவே கதவு நிரந்தரமாகப் பூட்டப்பட்டது என்றும் சொல்வதற்கில்லை. அடுத்த பெரும்புயலில் திறக்குமா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. திறக்கும் என்று நம்பி ஒரு குடும்பம் காத்திருக்கக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

என் சொந்தக் கருத்து, தங்குமிடத்துக்காவது இந்தக் கொள்கையில் ஒரு தளர்வு வேண்டும். சோறும் துணியும் நம்மால் சமாளிக்க முடிகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே மாதத்தில் மழை ஒழுகாத கூரை போடுவது எந்த அரசுக்கும் கடினம். ஆனால் தளர்த்திவிட்டால் மட்டும் வீடு வந்துவிடாது, அதற்குக் கத்ரீனாவே சாட்சி.

2005 ஆகஸ்டு கடைசியில் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அமெரிக்காவுக்கு உதவ முன்வந்தன. இந்தியாவும் கொடுத்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 50 லட்சம் டாலர், அதோடு நம் விமானப்படையின் ஐ.எல்.76 விமானம் ஒன்றில் போர்வையும் தார்ப்பாயுமாக 25 டன் பொருட்கள். அரசுகளிடமிருந்து ரொக்கமாக அமெரிக்க மத்திய அரசின் கைக்கு வந்தது சுமார் 12.6 கோடி டாலர். வாங்கிப் பழக்கமில்லாத நாடு என்பதால், வந்த பணத்தை யார் பொறுப்பில் வைப்பது, எதற்குச் செலவழிப்பது என்று ஒரு ஏற்பாடும் அங்கே முன்னால் இருக்கவில்லை. பணம் மாதக்கணக்கில் வட்டியும் இல்லாமல் கருவூலத்தில் கிடந்ததை அவர்களுடைய தணிக்கை அமைப்பே பதிவு செய்திருக்கிறது. கடைசியில் ஏறத்தாழ 6.6 கோடி டாலர், இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஆள் போட்டு ஆலோசனை சொல்லி வழிகாட்டும் வேலைக்குப் போனது. மீதியில் பெரும்பகுதி பள்ளி, கல்லூரிகளுக்காகக் கல்வித் துறைக்குப் போனது. இரண்டும் தேவையான வேலைகள்தான், ஆனால் கூரை அல்ல. பிரிட்டன் அனுப்பிய ராணுவ உணவுப் பொட்டலங்களோ மாட்டிறைச்சி இறக்குமதி விதியில் மாட்டிக்கொண்டு, பசித்தவர் கைக்குப் போகாமல் கிடங்கில் தங்கின.

அதே கத்ரீனாவில் கத்தார் அரசு வேறு வழியில் போனது. 10 கோடி டாலரை அரசுக் கருவூலத்தில் போடாமல், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், வீடு கட்டிக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் என்று தானே தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. அந்தப் பணத்தில் வீடுகள் எழுந்தன. மனை தயார், கட்டுகிறவர் தயார், குடியேறப் போகிற குடும்பத்தின் பெயர் தயார் என்ற நிலையில் இருந்த இடத்தில் வெளிப்பணம் வேலை செய்தது. இல்லாத இடத்தில் தேங்கியது. உங்கள் ஊருக்கும் நான் சொல்ல வருவது இதுதான்.

அமெரிக்க அரசு தன் சொந்தப் பணத்தில் கொடுத்த தற்காலிக வீடுகளும் ஒரு பாடம். சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகளில் குடும்பங்களை வைத்தார்கள். அவற்றின் பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்து கண்ணும் தொண்டையும் எரிவதாக மக்கள் புகார் சொன்னார்கள், 2008இல் சோதித்துப் பார்த்தபின் குடும்பங்களை வெளியேற்றச் சொல்லி அரசே பரிந்துரைத்தது. நம் கடற்கரையில் சுனாமிக்குப் பிறகு தார் பூசிய அட்டைத் தகடுகளில் போட்ட கொட்டகைகளை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அவசரத்தில் வாங்கிய பொருளின் குறை, வாங்கிய நாடு பணக்கார நாடா ஏழை நாடா என்று பார்ப்பதில்லை.

இனி, வெளிநாட்டுப் பணம் நம் பக்கம் வரவே இல்லையா என்றால், வந்திருக்கிறது. கொடையாக அல்ல, பெரும்பாலும் கடனாக. சுனாமி வாரத்தில் கொடை வேண்டாம் என்ற அதே அரசு, மறுகட்டுமானத்துக்கு உலக வங்கியிடமும் ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் வாங்கியது. கேரளத்துக்கும் அப்படித்தான், வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டே உலக வங்கி 25 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 2013இல் தமிழ்நாடு, புதுச்சேரிக் கடற்கரைகளுக்காக உலக வங்கி ஒப்புக்கொண்ட 23.6 கோடி டாலர் திட்டத்தில் நம் கடலோர மாவட்டங்களில் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. புயலன்று இரவு ஒதுங்க அவை பெரிய உதவி. ஆனால் இந்த வகைப் பணம் அரசுக்கு அரசு பேசி, திட்ட அறிக்கை, டெண்டர் என்று ஆண்டுக்கணக்கில் நடந்து வருவது. காற்று ஓய்ந்த மறுநாள் உங்கள் தெருவுக்கு வராது. சில தூதரகங்களில் சிறு மானியத் திட்டங்களும் உண்டு. சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகம் அடித்தள மக்களுக்கான திட்டங்களுக்கு அப்படிக் கொடுக்கிறது. அதுவும் பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்குத்தான், பரிசீலனைக்கு மாதங்கள் ஆகும், தனிக் குடும்பத்துக்கு வீடு கட்டக் கிடைக்காது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நேரடி உதாரணம் இருக்கிறது, அங்கே கொடுத்த வெளிநாடு நாம்தான். புயலால் அல்ல, போரால் வீடிழந்தவர்களுக்காக இந்திய அரசு இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 46,000 வீடுகளுக்குப் பணம் கொடுத்தது. புதுவீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். ஒப்பந்தக்காரர் கையில் மொத்தமாகத் தரவில்லை. அஸ்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்து, கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகமே பயனாளியின் வங்கிக் கணக்கில் போட்டது. வீட்டுக்காரரே மேற்பார்த்துக் கட்டினார். ஒரு வெளிநாட்டு அரசு வீட்டு உதவி செய்வதென்றால் இதைவிட நேர்த்தியான முறை எனக்குத் தெரியவில்லை. இருந்தும் காலத்தைக் கவனியுங்கள். போர் முடிந்தது 2009 மே மாதம், பெருந்திரளாக வேலை தொடங்கியது 2012 அக்டோபரில். காணி உரிமை தெளிவாக இல்லாத குடும்பங்களுக்கு அங்கேயும் அதுதான் முதல் முட்டுக்கட்டை.

அதனால்தான் உங்கள் கேள்வியைத் தூதரகத்திலிருந்து திருவாடானை தாலுகா அலுவலகத்துக்குத் திருப்புகிறேன். நம் ஊரில் புயலுக்குப் பிறகு கைக்கு வரும் முதல் பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. அதில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசு, ஒரு பங்கு மாநில அரசு. 2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிப்படி சமவெளியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், அது மண்வீடாக இருந்தாலும் சரி. ஆனால் "குடிசை" என்று எழுதப்பட்டால் 8,000 ரூபாய்தான். கீற்று, மண், பிளாஸ்டிக் தாளால் ஆன தற்காலிக அமைப்பு என்பது குடிசைக்கு அந்த விதி தரும் விளக்கம். அதோடு ஒரு குறிப்பும் உண்டு, இடிந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று அரசு அதிகாரி சான்று தர வேண்டும். நம் கடற்கரையில் பனங்கை போட்டு, பாதிச் சுவர் எழுப்பி, மேலே ஓலை வேய்ந்து, புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் எத்தனை! கிராம நிர்வாக அலுவலர் தன் நோட்டில் எழுதும் அந்த ஒரு சொல்லில் 1,12,000 ரூபாய் வித்தியாசம். எந்த நாட்டுத் தூதரகமும் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போவதில்லை. புயலுக்கு முன்னால் உங்களால் நிரப்ப முடியும், அல்லது முயலவாவது முடியும்.

நிரந்தர வீட்டுத் திட்டங்களுக்கும் இதே கதவுதான். குடிசைக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்ட 3,50,000 ரூபாய் தரும் மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்துக்குச் சொந்த மனை வேண்டும். சுனாமிக்குப் பிறகு நிலம் அரசு கொடுத்தது, வீட்டைத் தொண்டு நிறுவனங்கள் கட்டின. அங்கும் கடலோரத்து 200 மீட்டருக்குள் இருந்த பழைய மனையை விட்டுக்கொடுத்தால்தான் உள்ளே புதுவீடு என்ற கேள்வி வந்து, வள்ளத்தையும் வலையையும் விட்டுத் தள்ளிப்போக மனமில்லாமல் பலர் தவித்தார்கள். தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்து, வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தும், இன்றுவரை அங்கே ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இருப்பதும் இதனால்தான். தொழில் இருக்கும் இடத்தைவிட்டு மனிதரை நகர்த்தும் எந்த வீட்டுத் திட்டமும், பணம் யாருடையதாக இருந்தாலும், பாதி காலியாகக் கிடக்கும். தற்காலிகம் என்ற பேச்சையும் எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மண்டபம் முகாமில் இலங்கையிலிருந்து வந்த சொந்தங்கள் தற்காலிகமாகத்தான் தங்கினார்கள், பிள்ளைகள் பிறந்து வளர்ந்து பேரப்பிள்ளைகளும் அதே சிறு அறைகளில் இருக்கிறார்கள்.

முதல் சில நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் பள்ளிக்கூடத்துக்கோ பாதுகாப்பு மையத்துக்கோ போகிறோம். 2020 டிசம்பரில் புரெவி நம் கடற்கரைக்கு அருகே வந்து வலுவிழந்து அங்கேயே மணிக்கணக்கில் நின்றது நினைவிருக்கும். அப்படி நின்றுவிட்டால் ஒரு ராத்திரித் தங்கல் ஒரு வாரமாகும். நிவாரண முகாமில் ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீட்டர் இடம், நாளுக்கு மூன்று லிட்டர் குடிநீர், முப்பது பேருக்கு ஒரு கழிப்பறை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வகுத்திருக்கிறது. இது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி வந்தது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர், அவரிடம் இந்த எண்களைச் சொல்லிக் கேட்கலாம். முகாமில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு கிடப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். கழிப்பறைக் கணக்கைக் கேட்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம்.

பொறியாளனாக ஒன்று. ஓலைக் கூரையும் தகரக் கூரையும் இறவாரத்தில்தான் முதலில் தூக்கும். அந்த நீட்டலை ஒன்றரை அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கைமரத்தையும் சுவர்மேல் ஓடும் மரத்தையும் ஆணியோடு விடாமல் கம்பியாலோ இரும்புப் பட்டையாலோ கட்டுங்கள். பழைய வலையைக் கூரைமேல் போர்த்தி மணல் மூட்டையில் இழுத்துக் கட்டும் நம் பெரியவர்கள் வழக்கம் நல்ல வழக்கம், விட்டுவிடாதீர்கள்.

உங்கள் அண்ணனுக்கு இப்போது. அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால், தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடையே அல்ல. ஊருக்கும் தரலாம், முதலமைச்சர் நிவாரண நிதிக்கும் தரலாம். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர்கள் கணக்கு வேறு. அவர்கள் சொந்த உறவுக்கு அனுப்பலாம், ஓர் ஆண்டில் பத்து லட்சம் ரூபாய் வரை அரசுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை. ஆனால் எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத ஊர்க் கமிட்டி, ஜமாஅத், சங்கம் எதன் கணக்கிலும் அவர்கள் பணம் போடக் கூடாது. போட்டால் நல்லெண்ணத்தோடு செய்ததும் வழக்காகிவிடும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற நிறுவனமும் தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. மதுரையிலோ சென்னையிலோ உள்ள பெரிய நிறுவனம் வாங்கி நம் ஊர்ச் சங்கத்துக்குப் பிரித்துத் தரும் பழைய வழி அதோடு அடைபட்டது. கத்தார் நியூ ஆர்லியன்ஸில் செய்ததை இங்கே ஒரு நாடு செய்ய நினைத்தாலும், பதிவு உள்ள ஒரு நிறுவனம் தானே வந்து உங்கள் ஊரில் கட்டினால்தான் உண்டு.

ஆகவே தூதரகத்துக்கு எழுத நினைத்த அதே ஆட்களை வைத்து இதைச் செய்யுங்கள். வீடு வீடாகப் போய், சுவர் எதனால் ஆனது, கூரை எது, எத்தனை பேர், மனை பட்டாவா நத்தமா புறம்போக்கா, வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் உண்டா என்று எழுதி, வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சுவர் உள்ள வீட்டுக்குச் சுவர் தெரிய வேண்டும், அதுதான் பிறகு "குடிசை" என்று எழுதும்போது மறுத்துப் பேச ஆதாரம். அக்டோபர் 2 கிராம சபையில் அந்தப் பட்டியலைத் தீர்மானமாக வைத்து, நகலைத் தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் கொடுத்து, ரசீது வாங்குங்கள். பட்டா இல்லாதவர்கள் மனுவைத் தனித்தனியாகக் கொடுப்பதோடு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் கேளுங்கள். சுனாமி வீடுகள் இருவர் பெயரிலும் கொடுக்கப்பட்டன, அதைக் காட்டிக் கேட்கலாம். கடலில் ஆள் போய்விட்டால் வீடு யாருடையது என்ற தகராறு அதில் வராது. அண்ணன் பணம் அனுப்பத் தயார் என்றால் தார்ப்பாய், கயிறு, கூரைக்கு இரும்புப் பட்டை வாங்கி, மழைக்கு முன்பே ஊரில் உயரமான ஓரிடத்தில் பூட்டி வையுங்கள், சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.